ஸ்டோர் வீட்டுக்கு ஒரு கூண்டு

வட்டக் கூண்டு கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்க ஜோராக இருக்கும், உச்சியில் கலசம் வைத்த மாதிரி ஒரு குமிழ் இருக்கும், மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் பாராட்டுவார்கள். உள்ளே கிடக்கிற குருவிக்கு அதனால் என்ன? லவ் பேர்ட்ஸ் பக்கவாட்டில் பறக்கிற ஜாதி. ஏறி ஏறி இறங்க அது என்ன லிப்டா? போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்ட நாள் முதல் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் பட்ஜி என்று யூடியூப் பார்த்துவிட்டு வருகிற பையன்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். ஊருக்குள் மற்ற எல்லோருக்கும் அது லவ் பேர்ட்ஸ்தான்.

முத்துக்கண்ணனும் வட்டக் கூண்டுதான் கேட்டான். செல்போனில் ஒரு படத்தை நீட்டினான். தங்க நிறத்தில் மினுமினுவென்று ஒரு கூண்டு.

"இதுல குருவி வளக்கப் போறியா, சாமி கும்பிடப் போறியா?" என்றேன்.

சிரித்தான். சிரித்ததால் பிழைத்தான். யாருக்கு என்று கேட்டேன். பெண்டாட்டிக்காம். பெயர் அனுசியா, சிலமலை ஊர்ப் பிள்ளை. இரண்டு தடவை வயிற்றில் தங்கி இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. மறுபடி இப்போது உண்டாகி இருக்கிறாள்.

"பகல் பூரா ஒத்தையில கெடக்காக்கா. காய் எடுக்கப் போகக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. எனக்கு ஸ்டோர்ல சோலி. வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இருந்தா நல்லாருக்கும்ங்கிறா."

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு ஏலத்தோட்டத்தில் அவன் ஸ்டோர்க்காரன். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் காயை வாட்டுவார்கள். விறகு கங்கானதும் புகைபோக்கியையும் பலகை போட்டு மூடிச் சூட்டை நிறுத்துவார்கள். காய் பச்சை மாறாமல் இறங்க வேண்டும். கொஞ்சம் கருத்தாலும் முதலாளி வாயில் வராத வார்த்தை இல்லை.

வட்டக் கூண்டு ஆசையை அவன் தலையிலிருந்து இறக்கி, அகலக் கூண்டு ஒன்றைக் கொடுத்தேன். குருவி தலையை விட்டு மாட்டிக்கொள்ளாத நெருக்கமான கம்பி, உட்காரக் கொய்யாக் கொம்பு, முட்டை வைக்க ஒரு மண்பானை. புதுக் கம்பியில் பூசியிருக்கிற துத்தநாகம் கொறிக்கிற குருவிக்கு விஷம். அதனால் எந்தக் கூண்டையும் புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெயிலில் போட்டு எடுத்துத்தான் நான் விற்பேன். நீலத்தில் ஒரு சேவலும் மஞ்சளில் ஒரு பெட்டையும் பிடித்துப் போட்டேன்.

"எங்க மாட்டுவ? அடுப்படி ஆகாது, புகை. வாசல்ல மாட்டுனா மலைக் குளிரு."

"நம்மது ஸ்டோர் வீடுக்கா. ஸ்டோர்ச் சுவரும் நம்ம வீட்டுச் சுவரும் ஒண்ணு. ஆடி மழையிலயும் வெதுவெதுன்னு இருக்கும். லயத்து வரிசை வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் அந்த வீட்டு மேலதான் கண்ணு. கொழப்பமில்லக்கா."

கொழப்பமில்ல. மலைக்குப் போகிறவன் எல்லாம் அங்கே மலையாளத்தில் முதலில் கற்றுக்கொண்டு வருகிற வார்த்தை இதுதான். ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம், எதற்கெடுத்தாலும் இதையே சொல்வார்கள்.

ஆடி பிறந்தது. என் தம்பி வீரணன் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறான். ஒருநாள் சாயங்காலம் ஒரு டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கல்லாப் பக்கம் வைத்தான். திறந்தால், மஞ்சள் பெட்டை. விறைத்துக் கிடந்தது.

"ஸ்டோர்க்காரன் குடுத்து விட்டான். வேற ஒண்ணு கேக்குறான்."

பயணக் களைப்பில் போயிருக்கும் என்று பச்சையில் ஒரு பெட்டையை அனுப்பினேன். அடுத்து நீலச் சேவல் போனது. இந்தத் தடவை முத்துக்கண்ணனே இறங்கி வந்துவிட்டான். முகம் சிடுசிடுவென்று இருந்தது.

"நோய்க்குருவியக் குடுத்து ஏமாத்துறீகளாக்கா?"

எனக்கு வந்ததே கோபம். "யாரைப் பாத்துடா ஏமாத்துறேங்கிற? இந்தா, இதே கூட்டத்துல பிறந்தது அம்புட்டும் முன்னால கத்திக்கிட்டுக் கெடக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தியதில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. செத்ததை வாங்கி நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். சதை இருந்தது. தொண்டைப் பை நிறையத் தினை இருந்தது. பேன் இல்லை, கழிச்சல் இல்லை. தின்றுவிட்டுக் கொம்பில் உட்கார்ந்த குருவி அப்படியே விழுந்து செத்திருக்கிறது.

"அப்ப கூண்டுதான் சரியில்ல. இதைவிடப் பெருசாக் குடுங்க. அவ அழுகுறாக்கா. குருவி தங்கலையே, இதுவும் தங்காதோன்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா."

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? கடையில் இருந்ததிலேயே பெரிய கூண்டைக் கழுவிக் கொடுத்தேன். வேறொரு நீலச் சேவலையும் கொடுத்தேன். அந்தப் பிள்ளையிடம் என் நம்பரைக் கொடு, அவளையே பேசச் சொல் என்றேன்.

அனுசியா பேசினாள். மெல்லிய குரல், இழுத்து இழுத்துப் பேசினாள்.

"காளியக்கா, குருவி தூங்கித் தூங்கி விழுகுதுக்கா. காத்தால நல்லா விளையாடுதுக. மத்தியானத்துக்கு மேல சிறகை உப்பிக்கிட்டு உக்காந்துருதுக."

"காத்தாட வெளிய வச்சுப் பாத்தியா?"

"எனக்கே எந்திரிக்க முடியலக்கா. மத்தியானமானா தலை விண்ணு விண்ணுங்குது, வாந்தி வருது. மசக்கைதான், சரியாப் போகும்னு அத்தை சொல்றாக."

"ஆறாம் மாசத்துலயா மசக்கை?"

எனக்கு அதற்கப்புறம் கடையில் வேலை ஓடவில்லை. வீரணனைக் கூப்பிட்டு, நாளைக்கு ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் போடு என்றேன்.

மலை ஏறும்போதே மழை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தார்ப்பாய் வழியாகச் சாரல் மடியில் விழுந்தது. தோட்டத்தில் இறங்கும்போது பல் கிட்டியது. ஸ்டோர் வீட்டுக்குள் காலை வைத்தேன். ஆகா, என்ன சுகம்! வெதுவெதுப்பும் ஏலக்காய் வாசமும் மூக்கு நிறைய. இந்த வீட்டுக்கு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

அனுசியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து, கண் மட்டும் சோர்ந்திருந்தது. கூண்டு ஸ்டோர்ச் சுவரில் தொங்கியது. கூண்டுக்கு மேலே, கூரை ஓரத்தில் சில செங்கல்லை உருவி எடுத்த ஓர் ஓட்டை. அது வழியாகத்தான் ஸ்டோரின் சூடு வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னடா ஓட்டை?"

"நான்தான் எடுத்தேன்க்கா" என்றான் முத்துக்கண்ணன் பெருமையாக. "போன ரெண்டு தடவையும் குளிர்லதான் கலைஞ்சுபோச்சுன்னு அம்மா சொல்லுச்சு. இந்தத் தடவை அவமேல குளிரே படக் கூடாதுன்னு எடுத்துவிட்டேன்."

டீ குடித்து முடிப்பதற்குள் என் நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. மேலே பார்த்தேன். பச்சைப் பெட்டை வாயைத் திறந்து திறந்து மூடியது.

முன்பு ஒரு மழை நாளில், பக்கத்து இஸ்திரிக்காரர் கரிப்பெட்டி நனைகிறது என்று கங்கோடு கொண்டுவந்து என் கடைக்குள் வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். பொட்டுப் புகை இல்லை. கொஞ்ச நேரத்தில் குருவிகள் ஒவ்வொன்றாகக் கொம்பிலிருந்து உதிர்ந்தன. எனக்கும் இதே தலைவலிதான்.

"எந்திரி ஆத்தா, வெளிய வா" என்று அனுசியா கையைப் பிடித்துத் தூக்கினேன். "கங்குக் காத்துடா இது! குழாய் எங்கயோ விரிசல் விட்டிருக்கு. குருவிக்குச் சின்ன நெஞ்சு, முதல்ல போயிருச்சு. அடுத்தது யாருன்னு நினைக்கிற?"

முத்துக்கண்ணன் நம்பவில்லை. ஸ்டோருக்குள் ஓடிப்போய் ஒரு கை ஏலக்காயை அள்ளிக்கொண்டு வந்தான்.

"பாருங்கக்கா. குழாய் விட்டிருந்தா காய் கருத்துரும்ல? வாசம் மாறிரும்ல? பச்சைப் பசேல்னு இருக்கு. புகை இருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதில் அவனுக்குத் தப்பே தெரியவில்லை. அந்த மலையில் எல்லாமே காயைப் பார்த்துத்தான். காய் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது.

"காய் மூச்சு விடுமாடா கிறுக்கா?" என்று கத்தினேன்.

கூண்டைக் கழற்றி, வீட்டு முன்னால் இருந்த தகரச் சாய்ப்புக்குக் கீழே மாட்டினேன். குளிர், சாரல், எல்லாம் இருந்தது. வீரணன் அடுத்த நடைக்கு ஆள் சேர்ப்பதற்குள் பச்சைப் பெட்டை சிலிர்த்துக்கொண்டு தினை கொத்தியது. லயத்து ஜனம் கூடி வேடிக்கை பார்த்தது. அட, குருவி பிழைச்சுக்கிருச்சே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்ல இடமாப் பாத்து மாட்டுனீகக்கா என்று முத்துக்கண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"குருவிக்கு இடம் பாத்தாச்சு. இவளைச் சிலமலைக்கு அனுப்பு, இன்னைக்கே."

"வளையல் போடாம எப்படிக்கா அனுப்புறது? ஆடியில விசேசம் கூடாதுல. ரெண்டு போன பிறகு முறை தப்பி அனுப்புனா அம்மா என்னை உசிரோட விடாது. ஆவணி பிறக்கவும் வளையல் போட்டு அனுப்பிர்றோம். ஓட்டைய இப்பவே அடைச்சிர்றேன். கொழப்பமில்லக்கா."

என் கண் முன்னாலேயே கோணிச் சாக்கைச் சுருட்டி ஓட்டையில் திணித்தான். நான் கத்தினேன், கெஞ்சினேன். முதலாளிக்குப் போன் போட்டேன். எங்க அப்பா காலத்து ஸ்டோரு, நீ குருவி விக்கிறவ, குருவியை விக்கிற வேலையைப் பாரு என்றார் அவர். அனுசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆவணிக்கு வந்துருவேன்க்கா என்றாள். அதற்கு மேல் அடுத்த வீட்டுப் பெண்ணை எந்த உரிமையில் ஜீப்பில் ஏற்றுவது?

அப்புறம் முத்துக்கண்ணன் அடிக்கடி போன் பண்ணினான். குருவி ஜோடி சேர்ந்துவிட்டது, பெட்டை பானைக்குள் போய்விட்டது, முட்டை வைத்துவிட்டது. எல்லாம் குருவிச் சேதிதான். அனுசியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், தலைவலி குறைந்திருக்கிறது, குளிருதுங்கிறா, அவ்வளவுதான் என்பான்.

ஆடி முடியப் போகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மரம் சாய்ந்து கரண்டு போய்விட்டது. அனுசியா நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று முத்துக்கண்ணன் சாக்கை உருவிவிட்டான். சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்திவிட்டு ஸ்டோருக்குப் போனான். காய் அன்று ஏகப்பட்ட லோடு. சாயங்காலம் டீ குடிக்க வந்தவன் கூப்பிட்டதற்கு அவள் எழுந்திருக்கவில்லை.

வீரணன்தான் ஜீப்பில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றேன். அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். வயிற்றில் இருந்தது போய்விட்டது. ஆண் பிள்ளை. அடுப்புக் கங்கில் இருந்து வருகிற காற்று, நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, தாயைவிடப் பிள்ளையைத்தான் அது முதலில் பிடிக்கும் என்று டாக்டர் முத்துக்கண்ணனுக்கு விளக்கினார். முந்தின இரண்டும் அந்த வீட்டில்தானா, ஓட்டை இல்லாமலே சுவர் இடுக்கில் கசிந்திருக்கலாம் என்றார். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. நாசமாய்ப் போன சாக்கு.

தகரச் சாய்ப்புக்குக் கீழே கூண்டில் குஞ்சு பொரித்திருந்தது. வீரணன் அதைச் சிலமலைக்குக் கொண்டுபோய் அனுசியாவின் தாய் வீட்டில் கொடுத்தான். முத்துக்கண்ணனும் மலையை விட்டு இறங்கி, போடியில் மூட்டை தூக்கப் போனான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் அனுசியா அந்தப் பெரிய கூண்டோடு என் கடைக்கு வந்தாள். நீலமும் பச்சையும் மட்டும் உள்ளே இருந்தன.

"குஞ்சுகளை அம்மா வீட்டுல விட்டுட்டேன்க்கா. இதுகளை மேல கொண்டு போகணும். நீங்களும் வாங்க."

"மேல எங்க?"

"ஸ்டோர் வீட்டுக்கு. புதுசா தேவின்னு ஒரு பிள்ளை வந்திருக்காம், கைக்குழந்தையோட. அந்த ஓட்டையை அப்படியே விட்டு வச்சிருக்காகளாம், பிள்ளைக்குச் சூடா இருக்கட்டும்னு. வீரணண்ணன் சொன்னாக. முதலாளி குழாய்க்கு மண்ணு பூசிட்டேன், இனிக் கொழப்பமில்லன்னுட்டாராம். நான் தேவிக்குப் போன் பண்ணி அழுது பாத்தேன். பிள்ளை தங்காதவ வயித்தெரிச்சல்ல பேசுறா, அவ கண்ணே படக் கூடாதுன்னு போனை வச்சிருச்சு."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேணும்னா கடைக்குருவி ரெண்டை எடுத்துக்கத்தா. இதுக வேண்டாம்."

"கடைக்குருவி செத்தா நோய்க்குருவின்னுருவாக. என் வீட்டுக்காரரே உங்களச் சொன்னாகல்ல? இதுக ஆடி மழை பூரா அந்தத் தகரத்துக்குக் கீழ கெடந்து குஞ்சு பொரிச்சதுக. லயத்துல இதுகளைத் தெரியாத ஆளு இல்ல. இதுக விழுந்தாத்தான் நம்புவாக."

எத்தனை பேருக்கு எத்தனை கூண்டு கொடுத்திருப்பேன். எங்கே மாட்டக் கூடாது என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன். அன்றைக்கு வாயே வரவில்லை. கூண்டில் தண்ணீர் மாற்றி, தினை போட்டு, ஜீப்பில் ஏற்றினேன்.

தேவி சின்னப் பெண். அனுசியாவைக் கண்டதும் பின்வாங்கி, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அனுசியா, நான் வெளியவே நிக்கிறேன் தாயி, குருவி மட்டும் ஒரு பொழுது உள்ள இருக்கட்டும் என்றாள். குருவியைப் பார்த்ததும் லயத்துப் பெண்கள், இது நம்ம ஆடிக் குருவியில்லையா, இருந்துட்டுப் போகட்டும் தேவி என்றார்கள்.

"நல்ல இடமாப் பாத்து மாட்டுங்கக்கா" என்றாள் தேவி. பழைய ஆணி அப்படியே இருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே மாட்டினேன்.

பிள்ளையோடு வெளியே வந்திரு என்றதைத் தேவி கேட்கவில்லை, நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அனுசியா தகரத்துக்குக் கீழே நின்றாள். ஸ்டோரில் காய் ஏற்றினார்கள். விறகு எரிந்து கங்கானது. புகைபோக்கிப் பலகை விழுகிற சத்தம் கேட்டது. குருவிகள் கத்தியது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நீலம் சிறகை உப்பியது. பச்சை கொம்பில் ஆடியது, பிடித்துக்கொண்டது, மறுபடி ஆடியது. அப்புறம் பொத்தென்று கீழே விழுந்தது.

"அய்யோ!" என்று அலறிக்கொண்டு தேவி தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். படி தாண்டியதும் அவளுக்கே தலை கிறுகிறுத்துவிட்டது. பக்கத்தில் நீண்டு இருந்தது அனுசியாவின் கைதான். அதில் குழந்தையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அனுசியா குழந்தையைச் சாரல் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் தேவி கையை நீட்டினாள். பிள்ளையக் குடுங்க என்றாள். அனுசியா கொடுத்தாள். தேவி குழந்தையின் நெற்றியைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. லயத்தில் வேறொருத்தி வீட்டுக்குப் போனாள். அன்றைக்கே தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள்.

கூண்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பச்சை செத்துவிட்டது. நீலம் கூண்டுத் தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, பிழைத்துவிடும். பச்சையை ஒரு காகிதத்தில் சுற்றி, சாய்ப்பு ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தோம்.

இறங்கும்போது ஜீப்பில் அனுசியா மடியில் கூண்டை வைத்திருந்தாள். போடிமெட்டு தாண்டி முதல் வளைவில் ஜீப் சாய்ந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"கனமா இருந்துச்சுக்கா."

"எது, கூண்டா? கொண்டா, நான் வச்சுக்கிறேன்."

"அந்தப் பிள்ளை" என்றாள். "பிள்ளைன்னா இம்புட்டுக் கனம் இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா."